மடை திறப்பவர் யார்?

காகங்களைக் கவனியுங்கள் என்று இயேசு தம் சீடர்களிடம் சொன்னதாக லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. அவை விதைப்பதில்லை, அறுப்பதில்லை, அவற்றுக்குக் களஞ்சியமும் இல்லை; ஆனாலும் கடவுள் அவற்றுக்கு உணவளிக்கிறார் என்பது அங்கே வரும் பேச்சின் சாரம். அதற்குச் சற்று முன்னால் ஒரு செல்வனின் கதை வருகிறது. விளைச்சல் அமோகமாக இருந்ததால் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், நாளைக்கென்று சேர்த்துவைப்பது கடவுளை நம்பாததன் அடையாளம் என்றே தோன்றும். சிக்கல் என்னவென்றால், உணவை ஒளித்துச் சேமிப்பதில் காக்கைக் குடும்பத்தை மிஞ்சும் பறவைகள் மிகக் குறைவு. ரேவன் எனப்படும் பெருங்காகம் தின்றது போக மிஞ்சிய இறைச்சியை மண்ணிலும் பனியிலும் புதைத்துவைக்கிறது. இன்னொரு காகம் பார்த்துக்கொண்டிருந்தால் மறைவான இடம் தேடுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்காவின் கிளார்க் நட்கிராக்கர் ஓர் இலையுதிர்காலத்தில் பல்லாயிரம் பைன் விதைகளைப் புதைத்துவைத்து, பனிக்காலம் முழுக்கத் தேடியெடுத்துத் தின்று பிழைக்கிறது. நற்செய்தியில் பிழை கண்டுபிடிப்பது இங்கே நோக்கமல்ல. உவமை பறவையியல் பாடமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது சமயம்தான். ஏற்றிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் உரிமை உண்டு.

சேமிப்பின் மீதான சந்தேகம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதல்ல. புத்தர் மறைந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து வைசாலியில் 700 பிக்குகள் கூடினார்கள். அந்த ஊர்ப் பிக்குகள் கைக்கொண்டிருந்த பத்து வழக்கங்கள் விநயம் எனப்படும் துறவொழுக்க விதிகளுக்கு ஒத்தவையா என்று தீர்ப்பதுதான் கூட்டத்தின் வேலை. பத்தில் முதலாவது, விலங்கின் கொம்பில் உப்பைப் போட்டு வைத்துக்கொள்வது. உப்பில்லாத சோறு பிச்சையில் விழும் நாளில் தூவிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பத்தாவது, பொன்னும் வெள்ளியும் ஏற்பது. ஒரு கொம்பு உப்பும் பொன்னும் ஒரே பட்டியலில் இடம்பெறுவது இன்றைக்கு வேடிக்கையாகப் படலாம். மூத்த பிக்குகளுக்கு அப்படிப் படவில்லை, இரண்டையும் தள்ளினார்கள். திகம்பர சமண முனிவர் இன்னும் ஒரு படி மேலே சென்று பிச்சைப் பாத்திரத்தையே விட்டவர். நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, குவித்த கைகளில் வாங்கி உண்பவர். யாத்திராகமத்தில் வானிலிருந்து விழுந்த மன்னாவை மறுநாளுக்கு எடுத்துவைத்தவர்களின் பாத்திரத்தில் அது புழுத்து நாறியது. ஆனால் இந்த விதிகளைவிட அவற்றின் விலக்குகள் கூடுதலாகப் பேசுகின்றன. அதே மன்னா, ஓய்வுநாளுக்கு முந்தைய தினம் இரட்டிப்பாகச் சேர்க்கப்பட்டபோது கெடவில்லை. பின்வரும் தலைமுறைகள் பார்க்கட்டும் என்று ஒரு பாத்திரத்தில் எடுத்துவைக்கப்பட்டதும் கெட்டதாகச் சொல்லப்படவில்லை. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் பிக்கு மருந்தாக ஏழு நாள்வரை வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தடை, பொருளை வைத்திருப்பதன் மீது விழவில்லை. எதற்காக, யாருடைய தேவைக்காக அது திறக்கப்படும் என்பதன் மீது விழுந்திருக்கிறது.

கையில் ஒரு பருக்கையும் மீத்துவைக்காத அந்த முனிவரின் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வளர்ந்த மனிதரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் கிளைகோஜன் இருக்கும். காலையில் உண்டவர் மறுநாள் காலைவரை மயங்கி விழாமல் நடப்பதும், அவருடைய மூளை தியானத்தில் ஒருமுகப்படுவதும், கல்லீரல் அந்த 100 கிராமிலிருந்து ரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான். பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் 1857இல் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவரை சர்க்கரையை ஆக்குவது தாவரத்தின் வேலை, எரிப்பது விலங்கின் வேலை என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். ஆகவே துறவு, சேமிப்பை ஒழிக்கவில்லை; அதை இடம் மாற்றியிருக்கிறது. ஒரு பகுதி உடலுக்குள் போய்விட்டது, மறு பகுதி பிச்சையிடும் இல்லறத்தாரின் குதிருக்குப் போய்விட்டது. இதைத் துறவியின் முரண்பாடாகச் சுட்டிக்காட்டி மகிழ்வது சிறுபிள்ளைத்தனம். உயிரோடு இருப்பவர் எவரும் விட முடியாத ஒன்றை விடச் சொல்லும் அளவுக்கு அந்த மரபுகள் அறிவற்றவை அல்ல என்று வைத்துக்கொண்டு, அவை எதைத் தடுக்க நினைத்தன என்று தேடுவதுதான் பயனுள்ளது.

அதற்கு முதலில் சேமிப்பு என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஓர் இடத்தில் ஒரு பொருள் குவிந்து கிடப்பது சேமிப்பு ஆகிவிடாது. சிறுநீரகத்தில் கல் குவிகிறது, அணையின் அடியில் வண்டல் குவிகிறது. இரண்டையும் யாரும் சேமிப்பு என்று கொண்டாடுவதில்லை. கல்லீரல் செல் செய்வது வேறு. தன்னிடமுள்ள அத்தனை குளூக்கோஸையும் அப்படியே கரைத்து வைத்திருந்தால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடும். ஆகவே ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கோத்து ஒற்றைப் பெருமூலக்கூறாக்குகிறது. வெறுமனே கோக்க வேண்டுமானால் நீண்ட இழை போதும். கிளைகோஜனோ, சில அலகுகளுக்கு ஒருமுறை கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, வெளிவிளிம்பு முழுவதும் நுனிகளாக நிற்கிறது. நொதி நுனியிலிருந்துதான் குளூக்கோஸைக் கழற்ற முடியும். நுனி எவ்வளவு அதிகமோ, தேவை வரும்போது அவ்வளவு வேகமாகக் கழற்றலாம். அதாவது உள்ளே வைக்கும் முறையையே வெளியே எடுக்கும் வழி தீர்மானித்திருக்கிறது. இதற்குக் கொடூரமான ஒரு நிரூபணமும் உண்டு. ஆண்டர்சன் நோய் எனப்படும் அரிய பிறவிக் குறைபாட்டில் கிளை பிரிக்கும் நொதி இருப்பதில்லை. கிளைகோஜன் நீண்ட இழைகளாக, எளிதில் கரையாததாகத் திரள்கிறது. குழந்தைப் பருவத்திலேயே கல்லீரல் தழும்பேறிச் சுருங்குகிறது. அளவு மிகுந்ததால் வரும் நோயல்ல இது. கிளைகள் குறைந்து, கரையாத இழைகளாகத் திரள்வதால் வருவது.

இன்னொரு நோய் இதைவிடத் தெளிவானது. 1929இல் எட்கர் வான் கீர்க்கே விவரித்த அந்த நோயில் கிளைகோஜன் ஒழுங்காக உருவாகிறது, ஒழுங்காக உடைகிறது. கடைசிப் படியில்தான் தடை. உடைந்து வரும் சர்க்கரையோடு ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் அது செல்லைவிட்டு ரத்தத்துக்குள் போக முடியும். அந்த வேலையைச் செய்யும் குளூக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதி இல்லை என்பதை 1952இல் கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் கண்டறிந்தார்கள். விளைவு, குழந்தையின் வயிறு கல்லீரல் வீங்கித் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே கிளைகோஜன் நிரம்பி வழியும். ஆனால் உணவு உண்டு சில மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை வீழ்ந்து வலிப்பு வரும். நிறைந்த களஞ்சியத்துக்குப் பக்கத்தில் பட்டினி. 1980களில் மருத்துவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், பச்சைச் சோளமாவை நீரில் கரைத்துக் கொடுப்பது. வேகாத மாவு குடலில் மெல்லத்தான் செரிக்கும், மணிக்கணக்கில் சிறிது சிறிதாகச் சர்க்கரை விடும். தன் களஞ்சியம் திறக்காத உடலுக்கு ஒரு செடியின் களஞ்சியத்தை இரவல் தருகிறார்கள். சேமிப்பு எதனால் சேமிப்பாகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனையை எந்தத் தத்துவவாதியும் வடிவமைத்திருக்க முடியாது. கொள்கலனும் பொருளும் அப்படியே இருக்க, வெளியேறும் வழி மட்டும் நீக்கப்பட்டது. எஞ்சியது நோய்.

சரி, வழி இருந்தால் போதுமா? தசையைப் பார்த்தால் போதாது என்று தெரிகிறது. கல்லீரலைப்போல் நான்கு மடங்கு கிளைகோஜன் தசைகளில் இருக்கிறது, ஆனால் மேற்சொன்ன நொதி ஆரோக்கியமான தசையிலும் கிடையாது. தசையின் கையிருப்பு தசைக்கே. அது வேலை செய்கையில் வெளியேறும் லாக்டேட்டைக் கல்லீரல் மறுபடி சர்க்கரையாக்கிக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் மூளை பசித்துத் தவிக்கும்போது தசை தன் களஞ்சியத்தைத் திறந்து நேரடியாக ஒரு துளி சர்க்கரையும் ரத்தத்தில் விடாது. கல்லீரல் விடும். எப்போது விட வேண்டும் என்பதைக் கல்லீரல் தன் இருப்பைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை என்பதுதான் இதில் முக்கியம். ரத்தத்தில் சர்க்கரை குறைந்ததைக் கணையம் உணர்ந்து குளூககான் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. கூடினால் இன்சுலினை அனுப்புகிறது. கல்லீரலுக்கென்று சர்க்கரையை உணரும் வழியும் உண்டு, அதுவும் வந்துசேரும் ரத்தத்தின் சர்க்கரையைத்தான் அளக்கிறது. ஆக, பொதுச் சேமிப்பின் அடையாளம் வாசல் இருப்பது மட்டுமல்ல, அந்த வாசல் வெளியே இருக்கும் தேவையின் குரலுக்குக் கட்டுப்படுவது. சமயங்கள் சேமிப்பைப் பழித்தபோது பழித்தது இந்தக் கட்டுப்பாடு அற்றுப்போன களஞ்சியத்தைத்தான் என்பது என் வாதம். லூக்காவின் செல்வன் விளைச்சலைப் பெருக்கியது குற்றமில்லை. களஞ்சியத்தின் முன் நின்று அவன் பேசுவது தன் ஆன்மாவோடு மட்டுமே. கதையில் அவனுக்கு வெளியே ஒரு பசி கூட இல்லை.

விதையிலும் இதே ஒழுங்கைக் காணலாம். பார்லி மணியின் பெரும்பகுதியான மாவுத் திசு, மணி முற்றும்போதே இறந்துவிடுகிறது. செத்த களஞ்சியம் தன்னைத் தானே திறந்துகொள்ளாது. ஈரம் பட்டதும் மூலையில் இருக்கும் சிறு முளைக்கரு கிபெரலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. மாவைச் சுற்றியுள்ள உயிருள்ள மெல்லிய அடுக்கு அதைப் பெற்று, மாவை உடைக்கும் அமைலேஸ் நொதியைச் சுரக்கிறது. மாவு சர்க்கரையாகிக் கருவை நோக்கி ஓடுகிறது. பசித்தது எதுவோ அதுவே அழைக்கிறது. மனிதர் செய்த கருவிகளில் இந்த அழைப்பை வெளியிலிருந்து வடிவமைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் 1966இல் உருவாக்கிய டிராம் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்து மறுபடி எழுதியாக வேண்டும். சேமிப்பு என்றால் ஓய்வாகக் கிடப்பது என்று நினைப்பவர்கள் கணினிக்குள் எட்டிப்பார்ப்பது நல்லது. அங்கே வைத்திருப்பது என்பதே ஓயாத உழைப்பு. இருந்தும் அந்த மின்தேக்கிக்கு எதுவும் தெரியாது. எந்த வரிசை, எப்போது என்று சொல்வது வேறொன்று.

கிடங்கைத் திறப்பது யார் என்ற இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர்கள் வினையைப் பற்றி வாதிட்ட இந்தியத் தத்துவவாதிகள். வினைக் கொள்கை அடிப்படையில் ஒரு சேமிப்புக் கொள்கை. சைவ சித்தாந்தம் சொல்லும் சஞ்சிதம் முற்பிறவிகளில் சேர்ந்த இருப்பு. பிராரத்தம் அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று வெளிவந்து அனுபவிக்கப்படும் பகுதி. ஆகாமியம் இப்போது புதிதாய் வந்து சேர்வது. சேர்ந்தது எப்படி வெளியே வருகிறது? வேள்வி முடிந்ததும் அபூர்வம் என்ற காணாத ஆற்றல் எஞ்சி நிற்கிறது, அதுவே உரிய நேரத்தில் பலன் தரும், கடவுள் தேவையில்லை என்றார்கள் மீமாம்சகர்கள். வினை என்பது உயிரோடு ஒட்டும் நுண்பொருள், அது தங்கும் காலமும் கனியும் காலமும் அதனுள்ளேயே அமைந்தவை என்றார்கள் சமணர்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை ஒட்டி வளர்ந்த சித்தாந்தம் இரண்டையும் மறுத்தது. வினை சடம், சடத்துக்கு யார் உரியவர் என்றும் எப்போது உரியது என்றும் தெரியாது, உயிரோ தன் வினையைத் தானே தேடி அனுபவிக்காது, துன்பம் தருவதை யாரும் விரும்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அறிவுடைய ஒருவன் கூட்டிவைக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கடவுளை ஏற்காதவருக்கும் இந்த வாதத்தின் முதல் பாதி பிடிக்கும். பார்லி மாவும் டிராம் மின்தேக்கியும் அதற்குச் சான்று சொல்லும். இரண்டாம் பாதியில்தான் உயிரியல் ஒரு மூன்றாவது வாய்ப்பைக் காட்டுகிறது. இருப்பு தானே திறக்கவில்லை, மேலிருந்து ஒருவனும் திறக்கவில்லை; தேவைப்பட்டதன் அழைப்பு திறந்தது. வினையின் துன்பப் பகுதிக்கு இந்த மூன்றாவது வழி பொருந்தாது என்று சித்தாந்தி உடனே சொல்வார், சரியாகவே சொல்வார். துன்பத்துக்குப் பசித்து யாரும் அழைப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு காத்திருக்கிறது. கல்லீரல் இப்படி நடக்கிறது என்பதிலிருந்து மனிதர் இப்படி நடக்க வேண்டும் என்பது எப்படி வரும்? இருப்பதிலிருந்து இருக்க வேண்டியதைக் கறக்க முடியாது என்று டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்துவிட்டார். இயற்கைக்கு நோக்கமே இல்லாதபோது, இது சேமிப்பதற்கு என்று சொல்வதே மனிதக் கற்பனை என்றும் கூடச் சொல்லலாம். முதல் மறுப்பை ஏற்கிறேன். கல்லீரலிடமிருந்து நான் கட்டளை வாங்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு மறுப்பது தவறு என்ற கட்டளை சமயங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏழையின் பசியைத் தீர்ப்பதுதான் ஒருவன் தன் பொருளை வைப்பதற்கேற்ற இடம் என்று வள்ளுவரும் சொல்லிவிட்டார். அந்தக் கட்டளையை எங்கே பொருத்துவது, அளவிலா, இருப்பிலா, வாசலிலா என்பதற்கு மட்டுமே உயிரியலைக் கேட்கிறேன். இரண்டாவது மறுப்பை ஏற்க முடியவில்லை. வான் கீர்க்கே நோயை நோய் என்று ஒப்புக்கொண்ட கணத்திலேயே, அந்த உறுப்பு செய்ய வேண்டிய ஏதோ ஒன்றைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதற்கு விண்ணிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வேண்டியதில்லை. முன்னோர்களில் அந்த உறுப்பு என்ன செய்ததால் அவர்கள் பிழைத்து நாம் பிறந்தோம் என்ற வரலாறு போதும்.

இதைவிட ஆபத்தான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. சமுதாயத்தை உடலோடு ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்களுக்கே உதவியிருக்கிறது. கி.மு. 494இல் ரோமின் எளிய குடிமக்கள் நகரைவிட்டு வெளியேறி ஒரு மலையில் போய் உட்கார்ந்தார்கள். மேற்குடியினர் தூது அனுப்பிய மெனேனியஸ் அக்ரிப்பா ஒரு கதை சொன்னதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வயிறு உழைக்காமல் தின்கிறது என்று கைகால்கள் வேலைநிறுத்தம் செய்தன. வயிற்றோடு தாங்களும் மெலிந்த பிறகே, வயிறு தமக்கும் ஊட்டுகிறது என்று புரிந்துகொண்டன. ஆளும் குழுவுக்குச் சாதகமான உவமை, கேட்கவும் இனிமையானது. நான் சொல்வதும் இதேதானே என்று கேட்கலாம். அல்ல. அக்ரிப்பாவின் கதை வயிற்றில் சேர்வதைப் பற்றியும் பகிர்வதைப் பற்றியும் பேசுகிறது, பகிர்வை எது முடுக்குகிறது என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. உடலில் திறவுகோல் களஞ்சியத்திடம் இல்லை. ரோமில் களஞ்சியமும் திறவுகோலும் ஒரே குடும்பங்களிடம் இருந்தன. மலையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்கள் கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீடு திரும்பவில்லை. தங்களுக்கென்று டிரிபியூன் என்ற பதவியை, அதில் இருப்பவர் மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்ற உறுதியோடு வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். உவமையின் விடுபட்ட பாதியை எழுதியவர்கள் அவர்கள்.

யோசேப்பின் கதையிலும் இரண்டு பாதிகள் இருக்கின்றன, நாம் முதல் பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்து, ஏழு பஞ்ச ஆண்டுகளில் எகிப்தைக் காப்பாற்றியது ஆதியாகமம் 41ஆம் அதிகாரம். குர்ஆனின் யூசுஃப் அத்தியாயம் ஒரு நுட்பத்தையும் சேர்க்கிறது: உண்பதற்கான கொஞ்சம் போக மற்றதைக் கதிரிலேயே விட்டுவையுங்கள் என்கிறது. ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தை மேடைகளில் அவ்வளவாகக் கேட்க முடியாது. பஞ்சம் முற்றியதும் மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்குகிறார்கள். பணம் தீர்ந்ததும் கால்நடைகளைக் கொடுக்கிறார்கள். அதுவும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்களையுமே கொடுத்துப் பார்வோனின் அடிமைகளாகிறார்கள். தானியம் அவர்களுடைய விளைச்சலில் எடுத்ததுதான். கிடங்கு ஒன்றே, தானியம் ஒன்றே, சேமித்தவரும் ஒருவரே. முதலில் அருளாக இருந்தது பிறகு ஆட்சியாக மாறியது எங்கே? கதவில். பசியின் குரலுக்குத் திறக்க வேண்டியது விலையின் குரலுக்குத் திறந்தது. இது பழங்கதை என்று தள்ள முடியாது. 2001ஆம் ஆண்டு மத்தியில் இந்திய அரசின் கையிருப்பில் 5 கோடி டன்னுக்கும் மேல் தானியம் இருந்தது, வைக்க இடம் போதாத நிலை. அதே ஆண்டு பல மாநிலங்களில் பட்டினி. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நவம்பர் 28 அன்று நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்றது. கிடங்கை நிரப்பத் தெரிந்த ஒரு நாட்டுக்கு, திறப்பதற்கு வெளியிலிருந்து ஒரு குளூககான் தேவைப்பட்டது.

பசித்த ஒவ்வொரு குரலுக்கும் திறக்கும் களஞ்சியம் மறுநாளே காலியாகிவிடாதா, விதைநெல்லையும் தின்றுவிட்டு அடுத்த ஆண்டு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. உடல் அழைப்புக்கெல்லாம் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. பட்டினி ஒரு நாளைத் தாண்டிக் கல்லீரலின் கிளைகோஜன் தீர்ந்ததும், உடல் தசைப் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. அதையே தொடர்ந்தால் சில வாரங்களில் உயிர் போய்விடும். ஆனால் நாட்கள் செல்லச் செல்லக் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் பெருகுகின்றன, மூளையே தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டு அவற்றை எரிக்கத் தொடங்குகிறது, தசை கரைவது குறைகிறது. கேட்பவர் தம் கேட்பைச் சுருக்கிக்கொள்கிறார். சிக்கனம் களஞ்சியத்தின் கதவைச் சாத்துவதால் மட்டும் வருவதில்லை, அழைப்பவரும் பங்கெடுத்தால்தான் வருகிறது. மரபுகளின் நோன்புகள் இதை உள்ளுணர்வால் பிடித்திருந்தன என்று நினைக்கத் தோன்றுகிறது; ஆனால் உண்பவர் தானே எடுத்துக்கொண்ட நோன்புக்கும் கிடங்கின் காவலர் பிறர் மேல் சுமத்தும் நோன்புக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. துறவியின் தரப்பிலிருந்து எழும் மறுப்பு வேறு: வாசல் எப்படிப்பட்டதாக இருந்தாலும், வைத்திருப்பதே மனதைக் கட்டும், காவல் பயத்தைப் பெருக்கும். ஒரு தனி மனிதரின் விடுதலையைப் பற்றிய பேச்சாக இது சரி, உப்புக் கொம்பை மறுத்த பிக்குகளை நான் கேலி செய்யத் தயாரில்லை. ஆனால் அவர்களும் பிச்சைக்கு ஊருக்குள் வரத்தான் வேண்டும். ஊர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அறம் சொல்லும்போது, வைத்திராதே என்று சொல்லிப் பயனில்லை.

தமிழ்நாட்டின் ஏரிகள் இந்தக் கேள்வியைக் கல்லிலும் மண்ணிலும் சந்தித்தவை. ஏரிக்கு இரண்டு வாசல். கரைக்கு ஆபத்து வரும் அளவுக்கு நீர் ஏறினால் கலிங்கு வழியே தானாக வழிந்தோடும். அதைத் திறக்க ஆள் வேண்டாம், அது ஏரி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. வயலுக்கு நீர் விடும் மதகு அப்படியல்ல, அதை யாராவது திறக்க வேண்டும். ஏரி நீர் பாயும் பரப்பான ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர் கையில் மதகு இருந்தால் அவருடைய வயலுக்குத்தான் முதல் தண்ணீர் போகும் என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே பல ஊர்களில் அந்த வேலை நீர்க்கட்டியிடம் இருந்தது, அவர் பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். வயல் இல்லாதவருக்குப் பாரபட்சம் இருக்காது என்பது சொல்லப்படும் காரணம். கூலி, அறுவடையில் வயல்தோறும் ஒரு பங்கு நெல். எந்த வயல் காய்ந்தாலும் அவருடைய குதிரும் குறையும் என்பதால், எல்லா வயலின் தாகமும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கணையமும் தான் கணக்குப் பார்க்கும் அதே ரத்தத்தைத்தான் குடிக்கிறது. சர்க்கரையைத் தானே எரித்துப் பார்த்துத்தான் அதன் அளவை அறிகிறது. வடிவமைப்பாகப் பார்த்தால் நீர்க்கட்டி முறை எந்தப் பொறியாளரும் பெருமைப்படக்கூடியது.

சித்தாந்தத்தின் இறைவனும் நீர்க்கட்டியும் ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வேண்டுதலும் வேண்டாமையும் இல்லாதவனாக இருப்பதால் இறைவன் வினைப் பயனை நடுநிலையோடு ஊட்ட முடியும் என்பது சித்தாந்தியின் நியாயம். எதுவும் இல்லாதவராக இருப்பதால் நீர்க்கட்டி நீரை நடுநிலையோடு விட முடியும் என்பது ஊரின் நியாயம். ஒருவருக்குக் குறை எதுவும் இல்லை, மற்றவருக்குக் குறையைத் தவிர வேறில்லை. களஞ்சியத்தின் கதவு தேவையின் குரலுக்குத் திறக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதிட்டேன். நீர்க்கட்டி முறை அந்த வாதத்துக்குச் சிறந்த உதாரணம், கூடவே அதன் மீதான கடுமையான விமர்சனம். நடுநிலையாளர் வேண்டும் என்ற ஊர், தன்னில் ஒருவரை நடுநிலையாளராக வளர்க்கவில்லை. சாதியால் நிலம் மறுக்கப்பட்டவரின் இல்லாமையை நடுநிலை என்று பெயரிட்டு எடுத்துக்கொண்டது. நீரை முறையாகப் பகிர்ந்த அதே ஏற்பாடு, நிலத்தை அவர் கேட்டிருந்தால் எந்த மதகையும் திறந்திருக்காது. இதனால் நிலமுள்ளவரிடமே மதகைக் கொடுத்துவிடலாம் என்று ஆகிவிடாது. கேட்கப்பட வேண்டியது, ஆயக்கட்டில் அவருக்கும் ஒரு வயல் இருந்து, எல்லோருடைய கண்முன்னே முறை வைத்து அவர் மடை திறக்கும் ஏற்பாடு. டிரிபியூன்களைக் கேட்டு வாங்கிய ரோமானியர்களின் வழி அதற்கு அருகில் வருகிறது. சஞ்சிதத்தை விளக்கும் நூல்களில் அதற்கு இடம் தேடினால் கிடைக்காது.